இஸ்திரி போட்ட நோட்டுகள்

சுருக்கத்தைக் கண்டாலே ஆகாத ஒருத்திக்குச் ‘சுருக்கக்கா’ என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில், ஆவியும் சோப்பு வாசனையும் மண்டிய சலவைக்கூடத்தில், முப்பது வருஷம் படுக்கை விரிப்பும் மேஜைத்துணியும் தேய்த்தவள் அவள். பஸ்ஸில் முன்னால் நிற்கிறவரின் காலர் மடங்கியிருந்தால் கை துறுதுறுக்கும். விருந்துக்குப் போன இடத்திலும் மேஜைத்துணியை நீவிவிட்டுக்கொண்டேதான் சாப்பிடுவாள். ஓய்வு பெற்றபோது அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. சொந்தமாக ஓர் ஆவி இஸ்திரி மெஷின் வாங்கி, வீட்டின் முன்னறையில் கடை போட வேண்டும். மெஷினைக் கடையில் போய்ப் பார்த்து, தடவியும் பார்த்துவிட்டு வந்தாள். ஆசை இருந்த அளவுக்குக் கையில் காசு இல்லை.

அந்த நேரத்தில்தான் அப்பாவின் தகர டப்பா நினைவுக்கு வந்தது. அப்பா பஸ் கண்டக்டர். அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்தபோது, டப்பாவை நீயே வைத்துக்கொள் என்று தம்பி பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான். உள்ளே இருந்தது முழுக்கச் செல்லாத நோட்டு என்பது அவனுக்கும் தெரியும். அரசாங்கம் திரும்பப் பெற்று, மாற்றிக்கொள்ளும் தேதியும் கடந்துபோன பழைய நோட்டுகள். பஸ் நெரிசலில் யாராவது அப்பா தலையில் கட்டிவிடுவார்கள். டிப்போவில் அதை வாங்க மாட்டார்கள். அப்பா தன் கைக்காசைப் போட்டுக் கணக்கை முடித்துவிட்டு, நோட்டை வீட்டுக்குக் கொண்டுவருவார். “ஊர்ல இருக்கிற செல்லாக்காசெல்லாம் உங்களத் தேடித்தான் வருது” என்று அம்மா பொரிந்து தள்ளுவாள். அப்பா டப்பாவைத் திறந்து போட்டு மூடுவார், வாயைத் திறக்க மாட்டார்.

இப்போது அதற்கெல்லாம் நல்ல விலை இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். சுருக்கக்கா உடனே டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? நசுங்கியும் மடிந்தும் அழுக்கேறியும் கிடந்த நோட்டுகளை விற்பனைக்குக் கொண்டுபோவது அவளுக்கு மானக்கேடாகப் பட்டது. ஈரத்துணியால் ஒவ்வொன்றையும் ஒற்றித் துடைத்தாள். கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளித்தாள். மேலே மெல்லிய துணி விரித்து, சூடு பார்த்து, பட்டுத்துணிக்குத் தேய்ப்பதுபோலப் பதமாகத் தேய்த்தாள். அச்சகத்திலிருந்து அன்றைக்குத்தான் வந்தவைபோல அவை பளிச்சென்று ஆனபோது, தன் கைத்திறமையை நினைத்துத் தானே பெருமைப்பட்டுக்கொண்டாள். பாவம்.

பழைய நோட்டு வாங்குகிறவரின் கடை, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, செங்குத்தான மாடிப்படி ஏறிப்போனால் இருந்தது. ஒற்றை மேஜை, ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி. அதிகம் பேசாத மனிதர். முதல் நோட்டை இடுக்கியால் எடுத்தார், விளக்குக்கு நேரே பிடித்தார், ஓரத்தை விரல் நுனியால் தடவினார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

“இஸ்திரி போட்டீங்களாம்மா?” என்றார்.

“ஆமாங்க. நல்லா வந்திருக்கில்ல?”

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு கோபப்படாமல் விளக்கினார். நல்ல நோட்டில் அச்சு மேலெழும்பி நிற்கும், தடவினால் கையில் தட்டுப்படும். தேய்த்ததில் அதெல்லாம் படுத்துவிட்டது. கஞ்சியால் காகிதத்தின் இயல்பான முறுமுறுப்பு போய்விட்டது. அழுக்கும் மடிப்புமாக அப்படியே கொண்டுவந்திருந்தால் இரண்டு மடங்கு கொடுத்திருப்பாராம். முப்பது வருஷம் சோறு போட்ட கைத்தொழில் அன்றைக்கு அவள் வயிற்றில் அடித்துவிட்டது. சுருக்கக்கா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை நீவிக்கொண்டிருந்தாள். மெஷின் கண்முன்னால் வந்து வந்து போயிற்று.

பெரிய நோட்டு ஒன்று மட்டும் தப்பித்தது. அதில் கையெழுத்துப் போட்ட அதிகாரி கொஞ்ச நாள்தான் பதவியில் இருந்தாராம், அந்த நோட்டு கிடைப்பதே அரிதாம். தேய்த்திருந்தாலும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிட அதற்கு அதிகம் கொடுக்கலாம் என்றார். எல்லாமாகக் கூட்டினால் மெஷின் விலை வந்துவிடும். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கடைசியாக ஒருமுறை பார்க்கிறேன் என்று அவர் விளக்கைத் தணித்து, டார்ச்சை நோட்டின் பக்கவாட்டில் சாய்த்து அடித்தார். வழவழவென்றிருந்த காகிதத்தில் மெல்லிய நிழல்கோடு ஒன்று நீளவாக்கில் ஓடியது. அடுத்த நோட்டிலும் அதேதான். அதற்கடுத்ததிலும்.

“மடிப்பு எங்கயும் போயிடலம்மா. காகிதம் ஒருதடவை ஒடிஞ்சா ஒடிஞ்சதுதான். எல்லாத்தையும் ஒரே ஆள் மடிச்சிருக்காரு, நீட்டுக்கு. உங்க வீட்ல யாராவது கண்டக்டரா இருந்தாங்களா?”

அவள் கண்முன்னால், விரலிடுக்கில் நோட்டுகளை நீளமாக மடித்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்து வரும் அப்பா வந்து நின்றார். பள்ளிக்கூடம் விட்டு அவர் பஸ்ஸில் ஏறினால், மகளென்றும் பார்க்காமல் டிக்கெட் கிழிப்பார். பிறகு அதே விரல்களால் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவார். அந்த விரல்களின் தடத்தைத்தானே அவள் உட்கார்ந்து தேய்த்து அழிக்கப் பார்த்திருக்கிறாள். கண் பொங்கிவிட்டது. அடக்கவும் இல்லை.

அந்தப் பெரிய நோட்டு வந்த ராத்திரியும் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரு வாரச் சம்பளம் அதோடு போயிற்று. தெரிந்தே வாங்கினீர்களா என்று அம்மா கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண், கையில் வேறு பணம் இல்லை, டிக்கெட்டும் கொடுத்து மீதியும் கொடுத்தேன் என்றார் அப்பா. அம்மா அன்றைக்குப் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

“இத மட்டும் நான் வச்சுக்கிறேன்” என்றாள் சுருக்கக்கா.

வேறு எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், இது போனால் மீதிக்கு அரை மெஷின்கூட வராது என்று அவர் எடுத்துச் சொன்னார். அவள் டார்ச்சை வாங்கிச் சாய்த்துப் பிடித்து, அந்த மடிப்புக்கோட்டைக் கண்ணால் அளந்தாள். பிறகு நோட்டை எடுத்து, அப்பா மடித்த கோட்டின்மேலேயே நீளமாக மடித்து, நகத்தால் அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தாள். கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

“என்னம்மா இது? இதோட விலை தெரியுமா உங்களுக்கு?”

“எங்கப்பா என்ன விலை குடுத்தாருன்னு தெரியும்ங்க.”

மற்றதை விற்ற காசை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் வந்து கை நீட்டியபோது ஒரு கையாலேயே பையைத் துழாவிச் சில்லறை தேடினாள். ரெண்டு கையாலயும் தேடுங்கம்மா, பின்னால ஆளுங்க நிக்குறாங்க என்றான் அவன். அவள் மற்ற கையைத் திறக்கவில்லை.