பங்கு போட்ட ஆல்பம்

முதலாம் ஆண்டு நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுதச் சொல்லி அக்கா மகள் நித்யா நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெம்பில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க எழுதலன்னா வேற யாரு மாமா எழுதுவா? சின்ன மாமா உங்களத்தான் கை காட்டறாரு" என்றாள். தம்பி எப்போதும் அப்படித்தான். கஷ்டமான வேலை வந்தால் அவனுக்கு அண்ணன் ஞாபகம் வந்துவிடும். சரி, எழுதுகிறேன். அக்காவின் நல்ல குணங்களை உறவினர்களாகிய நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நாங்கள் அவரைப் படுத்திய பாடு சிலருக்குத்தான் தெரியும். இரண்டையும் எழுதினால்தான் முறை.

அக்கா ஜோகுபாளையத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் நான், எனக்குப் பின் தம்பி. அப்பா அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். அவருக்கு மூச்சுத் திணறல் வந்து படுத்தபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது. ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு ஆரம்பப் பள்ளி வேலையில் சேர்ந்தார். பகலெல்லாம் கன்னடத்தில் பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் வந்து எங்கள் இருவரையும் தமிழில் திட்டிப் படிக்க வைத்தார். நாங்கள் தலையெடுத்த பிறகுதான் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. அத்தான் தங்கமான மனிதர். நித்யாவுக்கு ஆறு வயதிருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்த அக்கா, அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டார். நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, "அம்மா சாப்பிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிற பிள்ளைகள்.

எங்கள் வீட்டில் ஆல்பம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். கறுப்புத் தாள்கள், ஓரத்தில் துளையிட்டுக் கட்டிய பட்டுக்கயிறு, தாளுக்குத் தாள் நடுவே வெண்ணெய்த்தாள். அப்பா வாங்கியது, ஆனால் அதை நிரப்பியவர் அக்கா. மைதா மாவில் மயில்துத்தம் கலந்து பசை காய்ச்சிப் படங்களை ஒட்டுவார். பூச்சி அரிக்காது, பிய்த்தாலும் வராது. படத்துக்குக் கீழே பெயர் எழுதுகிற வழக்கம் மட்டும் அவருக்கு இல்லை. "நம்ம ஆளுங்கள நமக்குத் தெரியாதா?" என்பார்.

அம்மா காலமானபின் வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஊர் வழக்கப்படி, வீட்டில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அக்காவிடம் நீட்டினோம். மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "எனக்கு அந்த ஆல்பம் மட்டும் குடுங்கடா" என்றார்.

நாங்கள் கொடுக்கவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. அக்காவுக்குச் செல்லப்பிள்ளை தம்பி, அவரிடம் போனால் அது அவன் வீட்டுக்குத்தான் போகும் என்று நான் நினைத்தேன். அண்ணன் பேச்சைத்தான் அக்கா கேட்பார், அது என் வீட்டுக்குப் போகும் என்று அவன் நினைத்தான். பேச்சு முற்றி, பத்திரம் பதிவான அன்று மத்தியானமே பட்டுக்கயிற்றை அவிழ்த்து, ஆல்பத்தைத் தாள் தாளாகப் பிரித்தோம். எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. சீட்டாட்டத்தில் கூட அவ்வளவு ஒழுங்காகப் போட மாட்டார்கள். அக்கா கல்யாணத்தில் தாலி கட்டும் படம் எனக்கு வந்தது, அம்மி மிதிக்கும் படம் அவனுக்குப் போனது. வெற்று அட்டையை எடுத்துக்கொண்டு அக்கா ஈஜிபுராவில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார். தம்பி ஹெப்பகோடியில் குடியேறினான். அவனும் நானும் பேசிக்கொள்ளாமல் பதினான்கு வருடம் ஓடிவிட்டது.

சர்க்கரை நோய் அக்காவின் சிறுநீரகத்தைப் பிடித்தது, கண்ணையும் விடவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்த நிலையில்தான் நித்யா ஒருநாள், பழைய படங்களை ஸ்கேன் செய்து பெரிய புத்தகமாக அச்சடிக்கலாம், முகங்கள் பெரிதாகத் தெரியும் என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அக்காவுக்கு அதே பேச்சு. கண் முழுதாகப் போவதற்குள் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எனக்குப் போன் செய்து தாள்களைக் கேட்பார். "அவன் மொதல்ல குடுக்கட்டும்" என்பேன். தம்பியைக் கேட்டால் அவனும் அதையே சொல்லியிருக்கிறான். இப்படியே ஒரு வருடம் போயிற்று. அக்காவுக்கு இருந்ததே கொஞ்ச நாள், அதில் ஒரு வருடத்தை நாங்கள் தின்றுவிட்டோம்.

கடைசியில் அக்கா ஒரு வேலை செய்தார். "நாளைக்கு நித்யாவுக்கு லீவு கெடைக்கல, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வா. அப்படியே உங்கிட்ட இருக்கறத எடுத்துனு வா" என்று என்னிடமும் தம்பியிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டார். போனால் நித்யா லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறாள், பெஞ்சின் அந்தக் கோடியில் தம்பி மடியில் ஒரு பையோடு. பொய் என்றால் என்னவென்றே தெரியாத அக்கா, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வெளியே வர நான்கு மணி நேரம் ஆகும்.

தாள்களை வரிசைப்படுத்த நித்யாவால் முடியவில்லை. படத்தில் இருக்கும் முக்கால்வாசிப் பேரை அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"தொப்பி போட்டவரு யாருண்ணா?"

"அப்பா ஆபீஸ் பியூன். உனக்கு மொட்டை போட்டப்ப வந்தாரு."

"எனக்கா? அந்த மொட்டை நீதான்."

"என் மண்டை அவ்ளோ பெருசாவா இருந்துச்சு?"

நித்யா சிரித்தாள். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. அதன்பின் பேச்சு தானாக நடந்தது. கல்யாணப் பக்கங்களுக்கு வந்தபோது நித்யா கேட்டாள்: "அம்மாவுக்குத் தாலி கட்டற போட்டோவே இல்லையே?"

அதற்குத்தான் ஒரு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன். "அது என் பங்குல வந்தது. வீடு மாறினப்ப பழைய பேப்பரோட போயிடுச்சு" என்றேன். தம்பி ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தேன். அவன் பையைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு, "எங்கிட்டயும் மூணு தாள் இல்லண்ணா. மழையில வீட்டுக்குள்ள தண்ணி பூந்துச்சு. சொல்ல மூஞ்சி இல்ல. அதான் நீ மொதல்ல குடு, நீ மொதல்ல குடுன்னு சொல்லிட்டே இருந்தேன்" என்றான்.

நானும் அதற்காகத்தான் சொன்னேன். ரோஷம் என்று ஊரார் நினைத்தார்கள், நாங்களும் அப்படியே காட்டிக்கொண்டோம். உண்மையில் இருவருக்கும் வெட்கம்தான்.

அக்கா வெளியே வந்ததும் தாலி கட்டும் படம் தொலைந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். துவண்டுபோய்ச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், "போட்டோ இல்லன்னா கல்யாணம் ஆகலன்னு ஆயிடுமா? அப்ப இவ எங்கிருந்து வந்தா?" என்று நித்யாவைக் காட்டினார். பிறகு, "ரெண்டு பேரும் பக்கத்துல நில்லுங்க. கடைசிப் பக்கத்துக்கு உங்க போட்டோ ஒண்ணு வேணும்" என்றார்.

"ஷேவ் கூட பண்ணலக்கா" என்றான் தம்பி. "ஆஸ்பத்திரியிலயா? புக்கு வரட்டும், அன்னிக்கு வீட்ல எடுத்துக்கலாம்" என்றேன் நான். இன்னொரு தடவை கேட்க அவருக்குத் தெம்பில்லை. "சரி, உங்க இஷ்டம்" என்றார்.

அடுத்த வாரமே அக்கா போய்விட்டார். புத்தகம் வந்தது பத்தாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள். முகங்கள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுக்குத் தெளிவாக இருந்தன. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. இதற்கு நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அக்காவைத் தாயைப்போல் கவனித்துக்கொண்ட டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், வாரம் மூன்று நாளும் வாசலுக்கே வந்து கைப்பிடித்து ஏற்றிச் சென்ற ஆட்டோக்காரருக்கும் எங்கள் நன்றி. வாடகை வீடு என்று தயங்காமல் அக்காவைக் கிடத்த வாசலைக் கழுவிக் கொடுத்த வீட்டுக்கார அம்மாவுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். ஈஜிபுராவில் அந்தத் தெருவுக்குள் ஆட்டோ வரும், அமரர் ஊர்தி வராது. தெருமுனை வரை அக்காவை நாங்கள் தூக்கிச் சென்றோம். முன்னால் ஒரு பக்கம் நான், மறுபக்கம் தம்பி. அதை யாரோ செல்போனில் எடுத்திருக்கிறார்கள். பலர் கை மாறி நித்யாவுக்கு வந்தது. இருவர் முகமும் நன்றாக விழுந்திருக்கிறது. ஷேவ் செய்யவில்லை. வெறுமையாக இருந்த கடைசிப் பக்கத்தில் நித்யா அதைத்தான் ஒட்டினாள். பாகம் பிரிந்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் வேறு இல்லை. எடுத்தவர் யாரென்று தெரியவில்லை. இந்த மலர் அவர் கைக்கும் வந்தால், அக்கா சார்பில் அவருக்கு எங்கள் நன்றி.