மாமியை மறித்த போர்வை

எனக்குக் கொப்பளிப்பான் அம்மை வந்தபோது வயது ஒன்பது. என் பாயருகே கதிரை போட்டு இருந்த ஒரே துணிச்சல்காரர், வயல் வேலைக்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்த மாமாதான். "எனக்குச் சின்னனிலையே வந்து போட்டுது. இனி என்னை அண்டாது" என்று சொல்லி, என் முகத்துப் புள்ளிகளை எண்ணி எண்ணிச் சிரிப்பார். எனக்குத் தண்ணீர் வார்த்து ஒரு கிழமைதான் ஆகியிருக்கும், மாமா உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வேப்பிலையில் கிடந்தார். நல்லாய் வேணும் என்று நான் மனதுக்குள் துள்ளினேன்.

மாமாவைப் பார்க்க வந்த மருத்துவிச்சி விசாரித்தபோதுதான் சிறுவயதில் அவருக்கு வந்தது சின்னமுத்து என்கிற தட்டம்மை என்று தெரிந்தது. "சின்னமுத்தோடை சண்டை பிடிச்ச உடம்புக்குக் கொப்பளிப்பானை ஆரெண்டே தெரியாது அண்ணை" என்றார் அவர். அம்மாவிடம் இன்னொன்றும் சொன்னார். மல்லாவியில் தாய்வீட்டில் இருக்கும் மாமிக்கும் இது வந்ததில்லை, பிள்ளைத்தாச்சி வேறு. இந்தப் பக்கம் தலைகாட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து.

மூன்றாம் நாள் அம்மா வயலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாமி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் சாப்பாட்டுப் பெட்டி, எட்டு மாத வயிறு. நான் ஓடிப்போய் வாசல் படலையைச் சாத்தினேன்.

"விலகடி! என்ரை மனுசனைப் பாக்க உன்னட்டை உத்தரவு கேக்கோணுமே?"

உள்ளேயிருந்து மாமா வேறு, "விடு பிள்ளை, கண்ணாலை பாத்திட்டுப் போகட்டும்" என்று முனகினார்.

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றி இந்த இரண்டு பெரிய ஆட்களுக்கும் யோசனையே இல்லையா? மாமா போர்த்திருந்த போர்வையை உருவிக்கொண்டு வந்து, படலைமேல் ஏறி நின்று விரித்து உதறினேன். "ஒரு அடி வைச்சியளெண்டால் மாமி, இதோடை வந்து கட்டிப்பிடிப்பன்!"

மாமி திகைத்துப் பின்வாங்கினார். பெட்டியை மதகில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். அடேயப்பா, அன்றைக்கு நான் நடந்த நடை! எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு என் கதைதான். அடுத்த மாதம் மச்சான் ஒரு மறுவும் இல்லாமல் பிறந்தான். "மச்சாள் காவல் காத்த பிள்ளை" என்று மாமி இன்றைக்கும் ஊரெல்லாம் பெருமையடிப்பார்.

அந்த அம்மை வருத்தம் எனக்குப் பயந்து ஓடியதாகவே நான் நெடுநாள் நம்பினேன். ஆய்வுகூட வேலைக்குப் படித்தபோதுதான் விளங்கியது. என் உடம்பு ஒருமுறை கண்ட கிருமியை மறக்கவில்லை. அந்தக் காவல் எனக்கு மட்டுமே. போர்வையில் ஒட்டியிருந்த கிருமிக்கு மாமியைப் பிடிக்க ஒரு தடையும் இருக்கவில்லை. அவ்வளவு வீரத்தோடு அவர் பக்கமாய் நான் உதறியது அதைத்தான்.

மாமியிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.