பிஸ்கட் டின்னில் சேர்த்த மாத்திரைகள்

இரண்டு வருடங்களுக்கு முன், கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நடந்தது இது. ரவாங்கில் இருக்கும் என் மகளுக்குத் தலைப்பிரசவம், இன்னும் ஒரு மாதம் இருந்தது. மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை. துணைக்கு என்னை விட்டால் ஆளில்லை. அந்த நேரம் பார்த்து எனக்குச் சிறுநீர்க் கடுப்பு வந்தது.

நான் பதறவில்லை. என்னிடம்தான் பிஸ்கட் டின் இருக்கிறதே. உடம்பு தேறியதும் மிச்சமாகும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை எறிய மனம் வராமல் அதில் சேர்த்து வைப்பேன். அக்கம்பக்கத்தாரும் தங்கள் மிச்சத்தை என்னிடமே கொடுப்பார்கள். எங்கள் மாடியில் பாதிப் பேருக்கு நான்தான் டாக்டர். அதில் பெருமை வேறு.

மூன்று மாத்திரையில் கடுப்பு நின்றது. பத்து நாளில் திரும்பி வந்தது. வேறு நிறத்தில் மூன்று போட்டேன். நின்றது, மறுபடியும் வந்தது. இந்த முறை சிறுநீரில் இரத்தம் தெரிந்ததும் கிளினிக்குக்கு ஓடினேன்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மருந்து எழுதாமல் சிறுநீர் பிடிக்க ஒரு புட்டியை நீட்டினார்.

“கிருமி எந்த மருந்துக்குக் கேக்கும்னு லேப்ல பாக்கணும் ஆன்டி. மூணு நாள் ஆகும். நடுவுல காய்ச்சல் வந்தா நேரா ஹாஸ்பிட்டல் போயிருங்க.”

மாத்திரை எதற்குமே கேட்கவில்லை என்றால் என்ன செய்வது என்றேன். அட்மிட் ஆகி ஊசி போட வேண்டும் என்றார்.

பிரசவத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. மகளிடம் வாய் திறக்கவில்லை. கட்டி வைத்த பெட்டியையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தபடி பயந்து கிடந்தேன்.

மூன்றாம் நாள், பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் மகளுக்குப் பத்தியச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தபோது கிளினிக் நர்ஸ் கூப்பிட்டார்.

“ஆன்டி, நீங்க போட்ட எதுக்கும் அது கேக்கல. ஆனா அந்தக் காலத்து மருந்து ஒண்ணு மாத்திரையா இருக்கு, அதுக்குக் கேக்குது. இன்னைக்கே வந்து வாங்கிக்குங்க லா.”

அங்கேயே அழுதுவிட்டேன். கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

இரண்டாம் நாளே கடுப்பு போய்விட்டது. பழக்கதோஷத்தில் மிச்ச அட்டையோடு கை டின்னுக்குப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டேன். சொன்ன ஐந்து நாளும் விழுங்கி முடித்து, டின்னைக் கிளினிக்கின் மருந்து கவுண்டரில் ஒப்படைத்து, என் டாக்டர் வேலையை ராஜினாமா செய்தேன். மறுநாள் ரவாங் போய்விட்டேன்.

பேரனுக்கு இப்போது இரண்டு வயது. வலி நின்ற பிறகும் நான் விழுங்கிய அந்த மூன்று நாள் மாத்திரைதான், அவன் பிறந்தபோது என்னை அவன் பக்கத்தில் நிற்க வைத்தது என்று இன்றும் நம்புகிறேன்.