ஓட்டுநர் பங்கு

ஊனா கில்லீஸ், தான் வாழ்ந்த தீவில் உள்ள விஸ்கி ஆலைகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு வேன் ஓட்டினாள். வந்தவர்கள் உள்ளே ருசி பார்க்கும் நேரத்தில் அவள் வேனில் உட்கார்ந்து ரொட்டி தின்பாள். கிளம்பும்போது ஆலைக்காரர்கள் ஒரு குட்டிப் பாட்டிலை அவள் கையில் திணிப்பார்கள். ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது, ஆனால் அவர் பங்கு அவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அங்கே வழக்கம். வேண்டாம் என்றால், எங்கள் சரக்கில் என்ன குறை என்று முகம் வாடிவிடும். அதனால் வாங்கிக்கொள்வாள். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாள். வழியில் தபால் கடை பெய்கியிடம் கொடுத்துவிடுவாள். பெய்கி அவற்றை மீட்புப் படகு நிதிக்கான குலுக்கலில் பரிசாக வைப்பாள்.

காரணம் அவள் தம்பி டூகல். ஒரு ஆலையில் ஊறிய பார்லியைத் தரையில் பரப்பி, மரத்துடுப்பால் புரட்டும் வேலை பார்த்தவன். குடித்துவிட்டு அந்தப் பார்லியின் மேலேயே தூங்கிப்போனதில் வேலை போயிற்று. போன குளிர்காலத்திலிருந்து அவன் குடியைத் தொடவில்லை. அக்காவோடு தங்கி, தினமும் விடியலில் வேனைக் கழுவிக் கொடுத்தான். அவன் கேட்டது ஒன்றுதான்.

"வேனுக்குள்ள மட்டும் எதையும் வெச்சுராத அக்கா. ஊரெல்லாம் அந்த வாசனைதான், தாங்கிக்குவேன். கைக்கு எட்டுற மாதிரி இருந்தா என்னை நானே நம்ப மாட்டேன்."

அக்டோபர் காற்றில் ஒருநாள் கப்பல் வரவில்லை. அன்று வந்துவிட்டுத் திரும்பிப் போக முடியாத நான்கு பேருக்கும் படுக்க இடம் தேடி வீடு வீடாக அலைந்தாள். அதற்குள் தபால் கடை மூடிவிட்டது. களைப்போடு வீட்டுக்கு வந்து படுத்தவளுக்கு, வேனின் கதவுப் பையில் இருந்த மூன்று பாட்டில்கள் நினைவுக்கு வரவே இல்லை.

மறுநாள் பாதி வழியில் கையுறையைத் தேடிக் கதவுப் பைக்குள் கையை விட்டாள். அப்போதுதான் நினைவு வந்தது. பை காலியாக இருந்தது.

எதிரே ஆட்டுப்பண்ணை நீல் வந்து, நடுச்சாலையில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

"காலையில உன் தம்பிய பார்த்தேன். கையில மூணு குட்டிப் பாட்டில். கையாட்டினேன், குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டான்" என்றவன், "குட்டிதான், ஆனா அவனுக்கு அதெல்லாம் பல் விளக்கத்தான் காணும்" என்று சிரித்தான்.

ஊனாவால் சிரிக்க முடியவில்லை. அன்று முழுக்க வேனில் இருந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் மாற்றி மாற்றிப் பதில் சொன்னாள். கடற்கரை ஆலையை மலையடி ஆலை என்றாள். தன் கையால்தான் அவற்றை அங்கே வைத்தோம் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை.

வீடு திரும்பியபோது டூகல் வேலிக்கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் கிட்டே போனாள். காலரில் புல் ஒட்டியிருக்கிறது என்று சொல்லி, இல்லாத புல்லைத் தட்டிவிட்டு, அவன் மூச்சை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. அவள் முடிக்கும்வரை அவன் அசையாமல் நின்றான்.

"எந்த ஆலைன்னு தெரிஞ்சுதா அக்கா?"

அவள் அவன் காலரிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் பெய்கியின் கடைக்கு நடந்தே கொண்டுபோனதாகச் சொன்னான். கடை திறக்கும்வரை வாசலிலேயே நின்றானாம். "சட்டைப் பையில போட்டிருந்தா குடிச்சிருப்பேன். அதான் எல்லாருக்கும் தெரியுற மாதிரி கையிலயே பிடிச்சுக்கிட்டுப் போனேன். அத்தனை பேர் பார்க்கும்போது குடிக்க முடியாதில்ல."

"மறந்துட்டேன் டூகல். கப்பல் வரல, அவங்களுக்கு இடம்..."

"மறந்தா மறந்துட்டுப் போற. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

மன்னித்துக்கொள் என்றாள். சரி விடு என்று கம்பியை முறுக்கத் திரும்பினான். அதற்கப்புறம் அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மறுநாளும் வேன் சுத்தமாக நின்றது.

ஆனால் அன்றிலிருந்து, சாப்பாட்டு மேசையில் அவள் சூப்புக் கிண்ணத்தை நீட்டினால், வாங்குவதற்கு முன் அவன் சற்றே முன்னால் சாய்ந்து அவள் பக்கமாக மூச்சை விடுவான். முகத்தில் கோபம் இருக்காது. முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பாள். அதற்குள் முகர்ந்து முடித்திருப்பாள்.