மோட்டாருக்குக் கட்டிய படங்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த மோட்டாரின் மூச்சை அடைத்தவள் நான்தான். அது எனக்குத் தெரியவர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் கண்ணில் பட்டவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் டேம் தண்ணீருக்கு அக்கரையில், தேயிலைத் தோட்டத்தின் கடைசி டிவிஷனில் இருக்கிறது. ஹட்டனிலிருந்து வரும் பஸ் இக்கரையில் இறக்கிவிடும். அங்கிருந்து போட். சுற்றிப் போகும் ரோட்டில் ஆட்டோக்காரரே வரமாட்டேன் என்பார். போட்டை ஓட்டியவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் டீச்சர். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது சரிவில் விழுந்து முழங்கால் போனவர். இனி மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தோட்டத்தில் அவருக்குப் போட்டைக் கொடுத்தார்கள். போட் கையை விட்டுப் போனால் அவருக்கு மலையை விட்டால் வேறு வேலை இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பழைய மோட்டார் கயிற்றை ஆறு தடவை இழுத்தால்தான் இருமும். எங்கே கோளாறு என்பதை அண்ணன் காதாலேயே கண்டுபிடித்து, இரண்டு தட்டுத் தட்டி ஓட வைத்துவிடுவார். ஒரு தொண்டு நிறுவனம் புது மோட்டார் கொடுத்த அன்றைக்கு அவர் முகத்தில் சந்தோஷத்தை விடப் பயம்தான் அதிகம் இருந்தது. சாவி போட்டால் ஸ்டார்ட். வட்டமாக ஒரு திரை, அதில் சின்னச் சின்னப் படங்கள். ஓட்டுபவர் இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு சிவப்புக் கயிறு. அவர் தண்ணீரில் விழுந்து அது கழன்றால் மோட்டார் நின்றுவிடும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்து சூட்டையும் காற்றையும் எண்ணெயையும் அளந்துகொண்டே இருக்கும். கைப்பிடியைத் தள்ளி நாம் வேகம் கேட்கலாம், கொடுப்பதா இல்லையா என்பது அதன் இஷ்டம். இங்கிலீஷில் இருந்த கையேட்டைப் படித்து, கொப்பி ஒன்றில் தமிழில் எழுதி அண்ணனிடம் கொடுத்தது நான்தான். அதனால் அந்த மோட்டாரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

மழைக்காலம் வந்தது. எங்கள் பக்கத்து மழை பெய்துவிட்டுப் போகிற மழை இல்லை, வந்து தங்குகிற மழை. புத்தம்புது மோட்டாரின் தலையில் அது விடாமல் விழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் அம்மாவின் பழைய படங்கு கிடந்தது. ஈரச் செடி உடம்பில் படாமல் இருக்கக் கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த விரிப்பு அது. அம்மா பென்ஷன் வாங்கியதிலிருந்து அதைத் தொடவில்லை. எடுத்துக்கொண்டு போய், மோட்டாரின் தலையில் போர்த்தி, நைலோன் கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

"இது மழைக்குத் தாங்கும்னுதாங்க டீச்சர் சொன்னாங்க" என்றார் அண்ணன்.

"தாங்கும்னுதான் சொல்லுவாங்க. நம்ம ஸ்கூல் கம்ப்யூட்டர் என்னாச்சு? கூரை ஒழுகி ஒரே ராத்திரியில செத்துப் போச்சுல்ல? இதுக்குள்ளயும் கம்ப்யூட்டர்தாண்ணே இருக்கு. படங்க கழட்டாதீங்க."

டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் படங்கை அப்படியே விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள், நடு டேமில், மோட்டார் கீ கீ என்று கத்தியது. திரையில் சூடு காட்டும் படம் எரிந்தது. வேகம் சட்டென்று குறைந்து, போட் நகர்கிறதா நிற்கிறதா என்று தண்ணீரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சாவியைத் திருப்பி நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் மறுபடி நன்றாக ஓடும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கீ கீ. கையேட்டைப் புரட்டினேன். இந்த நிலையில் எஞ்சின் தன்னைத் தானே பாதுகாத்துக்கொள்கிறது என்று போட்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையேட்டைத் தண்ணீரில் வீசாததுதான் குறை. அது தன்னைப் பாதுகாத்துக்கொள்ளட்டும், என்னை யார் பள்ளிக்கூடத்து அதிபரிடமிருந்து பாதுகாப்பது?

எங்கள் அதிபர் ஏழரை மணிக்கு வருகைப் பதிவில் சிவப்புக் கோடு போடுவார். ஸ்கேல் வைத்துப் போடுவார். அதற்குக் கீழே கையெழுத்து வைப்பவரை ஒரு வார்த்தை சொல்லமாட்டார், பேனாவை மட்டும் மிக மரியாதையாக நீட்டுவார். திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதையெல்லாம் சேர்த்து வைத்து அண்ணன் மேல் கொட்டினேன்.

"என்னதாண்ணே செய்றீங்க இதுக்கு?"

"நா ஒன்னுஞ் செய்யலைங்க டீச்சர். அதுவாத்தான் கொறைக்குது."

"அதுவா எப்படிக் கொறைக்கும்? பழைய மோட்டார முறுக்குற மாதிரி இதையும் முறுக்குனா?"

"மெதுவாத்தாங்க தள்ளுறேன்."

"எல்லாரும் மெதுவாத்தான் தள்ளுறாங்க!"

நீர்கொழும்பிலிருந்து டெக்னீஷியன் ஒருவர் இரண்டு தடவை வந்தார். அவர் வருகிறார் என்று தோட்டத்து ஆபீஸ் சொல்லி அனுப்பியதும், அண்ணன் படங்கைக் கழற்றி, மடித்து, பலகைக்கு அடியில் வைத்துவிட்டு மோட்டாரைப் பளபளவென்று துடைத்து வைப்பார். வீட்டுக்கு ஆள் வரும்போது கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிடுவோமே, அப்படித்தான். அவர் போனதும் நான் மறுபடி கட்டிவிடுவேன். அதைப் பற்றி டெக்னீஷியனிடம் சொல்ல வேண்டும் என்று போட்டில் வந்த ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மோட்டாரோ அவர் முன்னால் ஒரு சத்தம் போடாமல் டேமை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தது. எனக்கு அதை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

டெக்னீஷியன் லேப்டாப்பை வயரில் மாட்டிப் பார்த்தார். எந்த நேரத்தில் எவ்வளவு சூடானது என்பதையெல்லாம் மோட்டாரின் கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்தது. மோட்டாரில் குறையே இல்லை, ஓட்டுகிறவர்தான் சேற்றில் ஓட்டுகிறார், இல்லாவிட்டால் அளவுக்கு மேல் வேகம் கொடுக்கிறார் என்று சிங்களத்தில் சொன்னார். அண்ணனுக்கு அதைத் தமிழில் சொன்னது நான். கொஞ்சம் காரம் சேர்த்தே சொன்னேன்.

இரண்டாம் தடவைக்குப் பிறகு போட்டில் வருகிறவர்கள் எல்லோரும் கூடிப் பேசினார்கள். டீச்சர் எழுதட்டும், நாங்கள் கையெழுத்து வைக்கிறோம் என்றார்கள். தோட்ட மேனேஜரான பெரிய துரைக்குத் தமிழில் ஒன்று, தொண்டு நிறுவனத்துக்கு இங்கிலீஷில் ஒன்று எழுதினேன். பயிற்சி பெற்ற ஒருவரைப் போட்டுக்கு நியமிக்க வேண்டும் என்று கேட்டேன். அண்ணனின் முழங்கால் எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. சிவப்புக் கோடு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவருடைய போட்டில்தான் போனேன். இறங்கும்போது பலகை வழுக்கும் என்று வழக்கம்போல் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

அடுத்த வாரம் டெக்னீஷியன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். புது ஆளுக்குப் பழக்கிக் கொடுக்க ஆபீஸில் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல மழை. குடையை மடக்கிக்கொண்டு இக்கரையிலேயே எங்களோடு ஏறி உட்கார்ந்தார். நடு டேமில் கீ கீ என்றது. அவர் திரும்பிப் பார்த்தார். படங்கு கண்ணில் பட்டது. பிறகு கத்தியை எடுத்து என் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். என் கையைப் பிடித்து மோட்டாரின் தலைக்குப் பின்னால் இருந்த துளைகளில் வைத்தார். அடுப்பு மாதிரி சுட்டது. அந்த வழியாகத்தான் மோட்டார் காற்று எடுக்கிறதாம். அதை இறுக்கிப் போர்த்தினால் உள்ளே சூடு சேர்ந்துகொண்டே போகும், கம்ப்யூட்டர் அதைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும். கம்ப்யூட்டர் இத்தனை நாளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. சூடு இருக்கிறது என்று சொல்ல அதற்குத் தெரியும், படங்கு இருக்கிறது என்று சொல்லத் தெரியாது.

"மேக்க பெந்தே கவுத?" இதைக் கட்டியது யார் என்று அவர் கேட்டார்.

எல்லோரும் கீழே பார்த்தார்கள். என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் நான்கு பேர் இருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"மம தமய் மாத்தயா." நான்தான் ஐயா என்றார்.

திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். கரையில் இறங்கியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கரையில் இறங்கியதும் பள்ளிக்கூடத்து மணி அடிக்கப் போகிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அந்த வாரக் கடைசியிலேயே அண்ணனைக் கவ்வாத்து மலைக்கு அனுப்பிவிட்டார்கள். கேள்விப்பட்ட அன்றே இரண்டாவது கடிதம் எழுதி, நானே பெரிய துரையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"டீச்சருக்கு நல்ல மனசு. ஆனா அந்த ஆளே ஒத்துக்கிட்டானே."

"சேர், கட்டுனது நான். இந்தக் கையாலதான் கட்டுனேன்."

"ரிப்போட்ல அவன் சொன்னதுதான் இருக்கு. முதல் கடிதமும் நீங்க எழுதினதுதானே? அன்னைக்கு அவன் பிழை, இன்னைக்கு அவன் சரியா?"

வாதத்தில் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காதவள் என்று எனக்குப் பெயர். பொய் சொல்லியிருந்தால் வென்றிருப்பேனோ என்னவோ. ஒரு உண்மையை வைத்துக்கொண்டு அந்த ஆபீஸ் படியில் இறங்கி வந்தேன். அண்ணன் மீதும் கோபம் வந்தது. யார் அவரை முந்தச் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை அவருடைய லயத்து வீட்டுக்குப் போனேன். காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், முழங்கால் வீங்கியிருந்தது. அவர் மனைவி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க டீச்சர், ஒக்காருங்க. எல்லாருஞ் சேந்து இவருக்கு எதிரா கையெழுத்து வச்சுட்டாங்களே டீச்சர்! நீங்க ஒருத்தர்தான் இவருக்காக எழுதிக் குடுத்தீங்களாம். இவருதான் சொன்னாரு."

நான் அவரைப் பார்த்தேன். முதல் கடிதத்தைப் பெரிய துரை மேசையில் விரித்து அவருக்குக் காட்டியதாக ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். என் கையெழுத்து அவருக்குத் தெரியும், நான் எழுதிக் கொடுத்த கொப்பி முழுக்க அதுதான். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவர் வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார்.

"டீச்சருக்குத் தேத்தண்ணி ஊத்து" என்றார் மனைவியிடம்.

அவள் ஊற்றிக் கொடுத்தாள். நான் குடித்தேன்.