கொடியில் விட்ட ஸ்வெட்டர்

மணி அடித்தால் நார்வேயில் எங்கள் சிறைத் தீவில் முதலில் வீட்டுக்குள் போவது துணிதான், பிள்ளைகள் அப்புறம்தான். கைதி தப்பிவிட்டான் என்பதற்கு அந்த மணி. கொடியில் காய்வதை மாட்டிக்கொண்டு சாதாரண ஆள் மாதிரி அக்கரைக்குப் போய்விடுவான் என்று காவலர் வீடுகளிலெல்லாம் அவசர அவசரமாக உருவுவார்கள். எங்கள் வீட்டில் அது அக்கா தோர்டிஸின் வேலை.

கைதிகளோடு பிள்ளைகள் பேசக்கூடாது என்று சட்டம். எந்தச் சட்டத்தை மதித்தாள் அவள்? எங்கள் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்ட வரும் ஈவரைக் கண்டால் வாய் ஓயாது. ஒல்லியான ஆள், கோடையிலும் நடுங்குவார்.

"பல்லு தந்தியடிக்குதே மாமா, யாருக்குச் சேதி?"

"என் மகளுக்குத்தான். ஒன் வயசு அவளுக்கு. பதில்தான் வர மாட்டேங்குது வாயாடி."

அக்டோபரில் ஒரு மத்தியானம், பனிமூட்டத்தில் மணி அடித்தது. ஈவரைக் காணோம் என்று கத்திக்கொண்டே காவலர்கள் ஓடினார்கள். நான் கூடையைப் பிடித்தேன். அக்கா எல்லாவற்றையும் உருவினாள், முழங்கையில் சிவப்பு ஒட்டுப்போட்ட அப்பாவின் ஸ்வெட்டரைத் தவிர.

"அப்பாவோடத விட்டுட்டியே."

"சும்மா வாடி. ஈவர் மாமா விறைச்சுப்போயிடுவாரு."

இருட்டுவதற்குள் கொடி காலி. அம்மா கேட்டதற்கு, காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்றாள் அக்கா. இரண்டு நாள் அவள் கால் தரையில் நிற்கவில்லை. "இந்நேரம் மகளப் பார்த்திருப்பாரு" என்று என் காதைக் கடித்தாள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் அப்பா சொன்னார்:

"ஈவர் கெடச்சுட்டான். கடல்ல. நம்ம ஸ்வெட்டரத்தான் போட்டிருந்தான். அக்கரைக்குக் கூப்பிடு தூரந்தான் பாக்கி. மீன்பிடிக்கிறவன், நல்லா நீந்துவான். வெறும் ஒடம்போட எறங்கியிருந்தா சேர்ந்திருப்பான். நனைஞ்ச கம்பளி கல்லா இழுத்திருக்கு."

"பாழாப்போன காத்து" என்றாள் அம்மா.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு என்ன தெரியும்.

பிறகு அக்கா அக்கரையில் ரொட்டிக் கடையில் வேலை பார்த்தாள், கல்யாணம் செய்தாள், இரண்டு பெற்றாள். வாயாடித்தனம் மட்டும் திரும்பவில்லை. கம்பளியை உடம்பில் போடவே இல்லை. நார்வேக் குளிரில் பருத்திச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு அலைவாள். "என் பொண்டாட்டி வெங்காயம், உரிச்சாதான் ஆள் தெரியும்" என்று அத்தான் கேலி செய்வார். அவரிடமும் அவள் சொன்னதில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கம்பளிப் போர்வை கொண்டுவந்தாள். உயிர் இழுத்துக்கொண்டிருந்த நிலையிலும் அக்கா அதைத் தள்ளிவிட்டாள். வெறும் பருத்தி விரிப்பைத்தான் போர்த்திவிட்டேன். அவள் பல் தந்தியடித்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.