கால்வலி தீரக் கேட்டேன், வயிற்றுவலி தந்தாள்

தொண்ணூற்றாறாம் வருடம் என் எலும்பெல்லாம் வலிக்கத் தொடங்கியது. இடுப்பு, தொடை, முழங்கால், எதையும் விடவில்லை. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் தீராது. சேலத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. என் கணவர் கொத்தனார். நான் வீட்டில் ஊதுபத்தி உருட்டுவேன்.

மகள் கவிதாவுக்கு அப்போது மூன்று வயது. ஒருநாள் அவளைத் தூக்கப்போய் வலி தாங்காமல் அலறிவிட்டேன். குழந்தை பயந்துபோனாள். அன்றோடு சரி. யாரைக் கண்டாலும் தாவுகிற பிள்ளை, என்னிடம் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் பிள்ளையோடு குழாயடிக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து ஏங்குவேன்.

எலும்பில் சத்தில்லை என்று தெருவே சேர்ந்து எனக்குப் பாலும் ராகிக் கஞ்சியும் ஊற்றியது. கால்சியம் மாத்திரை வேறு. வலி கூடியதே தவிரக் குறையவில்லை.

ஆடி வெள்ளியன்று பஸ் பிடித்துச் சாமுண்டி மலை அம்மன் கோயிலுக்குப் போனேன். படியேற ஏது தெம்பு? "தாயே, கால்வலியத் தீரு. என் புள்ளைய ஒரு தடவ தூக்கணும்" என்று அழுதேன். வீடு திரும்பிய அன்று சாயங்காலமே விலாவில் பிடித்து அடிவயிறு வரை முறுக்கியது வலி. தரையில் புரண்டேன். வந்ததே கோபம்! "கால்வலிக்குக் கேட்டா வயித்துவலி குடுக்கறியா? நீயும் ஒரு தாயா?" என்று திட்டித் தீர்த்தேன்.

ஆஸ்பத்திரியில் சிறுநீரகக் கல் என்றார்கள். அங்கிருந்த டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "எலும்புவலியும் இருக்கா? ரெண்டும் சேர்ந்து வந்தா ரத்தத்துல கால்சியம் பாக்கணும்" என்றார். பார்த்தால் எக்கச்சக்கமாக இருந்தது.

"கழுத்துல, தைராய்டுக்குப் பின்னால குட்டிக் குட்டிச் சுரப்பி இருக்கும்மா. அதுல ஒண்ணுல கட்டி. எலும்புல இருக்கற கால்சியத்த உருவி ரத்தத்துல விடுது. அபூர்வமா வர்றது. மாத்திரைய நிறுத்துங்க, ஆபரேஷன் பண்ணிடலாம்."

"கழுத்தா? இவளுக்குக் காலுதானே மேடம் நோவு?" என்றார் என் கணவர்.

கட்டியை எடுத்தார்கள். புற்று இல்லை என்று தெரிந்தபோது அவர் வாசலில் உட்கார்ந்து அழுதார். எலும்பு தேற மாதக்கணக்கானது. அந்த வயிற்றுவலி வராதிருந்தால் மாத்திரையை விழுங்கிக்கொண்டே படுக்கையில் விழுந்திருப்பேன். நான் திட்டிக்கொண்டிருந்தபோதே அந்த அம்மன் வழி காட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆடியில் மலைக்குப் போனோம். "வாடி கண்ணு" என்று கவிதாவிடம் கை நீட்டினேன்.

"பேடம்மா" என்று, தெருவில் கற்ற கன்னடத்தில் வேண்டாம் என்றாள். "ஒனக்கு வலிக்கும்."

"வலிக்காதுடி. அம்மாவுக்காக வா."

அப்பாவைப் பார்த்தாள். மெல்லக் கைகளைத் தூக்கினாள். நன்றாகவே கனத்தாள். தரிசனம் முடியும்வரை நான் அவளை இறக்கிவிடவில்லை.

இப்போதெல்லாம் நான் இது வேண்டும், அது வேண்டும் என்று அம்மனுக்கு விவரம் சொல்வதில்லை. கை மட்டும் நீட்டுகிறேன். நீங்களும் அழுங்கள், திட்டக்கூடத் திட்டுங்கள். கை நீட்டுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிள்ளை கை நீட்டாமல் நின்றால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.